பிரையண்ட் பூங்காவின் தைலமரமும் அதற்கு முந்தைய மலையும்

கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் பழைய தைலமரம் (யூகலிப்டஸ்) ஒன்று நிற்கிறது. 1857-இல் நட்டது என்று அங்கே வருகிறவர்களுக்குச் சொல்வார்கள். பெரும்பாலோர் அதன் அடியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு ரோஜாத் தோட்டத்தின் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். நானும் பல முறை அப்படித்தான் நகர்ந்திருக்கிறேன். ஒருநாள்தான் அந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூங்கா அமைந்தது 1908-இல். எதிரே இருக்கும் ஏரி உருவானது 1863-இல். அப்படியானால் இந்த மரம் கன்றாக இருந்தபோது பூங்காவும் இல்லை, ஏரியும் இல்லை. பிறகு அது எதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பூங்காவின் வரலாறு மட்டும் கிடைப்பதில்லை. ஏரி, அதைச் சூழ்ந்த மரங்கள், பைன் காடு, மே மாத மலர்க் கண்காட்சி, ஊருக்குள் வந்து நிற்கும் காட்டுமாடு என எல்லாமே ஒரே நூலில் கோத்தவை என்று தெரியவருகிறது. கொடைக்கானலை நேசிப்பவர்கள் நம்மில் ஏராளம். அங்கே எது மலையின் சொந்தம், எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகியவர்கள் குறைவு. அப்படிப் பழகிய பிறகு அந்த ஊரின் மீது எனக்கிருந்த பிரியம் குறையவில்லை. எதை நினைத்துக் கவலைப்பட வேண்டும் என்பது மட்டும் தெளிவானது.

ஏரிக்கு முன்னால்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைத்தொடரின் மேல்தளத்தில் இருக்கிறது ஊர். மேல்தளம் என்றாலும் சமதளம் இல்லை. உருண்டையான மேடுகளும் அவற்றுக்கிடையே பள்ளங்களும் மாறி மாறி வரும். இன்று ஏரி நிறைந்திருக்கும் இடம் அப்படியொரு பள்ளம். சுற்றுமேடுகளிலிருந்து இறங்கிய ஓடைகள் அங்கே வந்ததும் வேகம் இழந்து, சேறும் கோரையுமாகப் பரவிக் கிடந்தன. மேடுகளின் முதுகில் புல். அவற்றின் மடிப்புகளில், ஓடையை ஒட்டி, குட்டையான மரங்கள் அடர்ந்த சோலை. அந்தத் தைலமரக் கன்று பார்த்திருக்கக்கூடிய காட்சி இதுதான்.

ஆள் இல்லாத மலையும் இல்லை அது. பளியர்கள் சோலையைச் சார்ந்து வாழ்ந்தார்கள். குன்னுவர்கள் வெள்ளகவி, பூம்பாறை போன்ற ஊர்களில் பயிர் செய்தார்கள். தாண்டிக்குடிப் பக்கம் இன்றும் நிற்கிற கல்திட்டைகள், மனிதர்கள் இந்த மலையில் எத்தனை பழங்காலத்திலிருந்து நடமாடினார்கள் என்பதைச் சொல்லும். ஆகவே ‘வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த ஊர்’ என்று சுற்றுலாப் பேச்சில் அடிக்கடி வரும் வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1821-இல் நில அளவைக்காக ஏறிவந்த லெப்டினன்ட் வார்டு வெள்ளகவி வழியாகத்தான் வந்தார். அந்த ஊரும் ஒற்றையடிப் பாதையும் அவர் வருவதற்கு முன்பே இருந்தன. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1836-இல் வந்து மலையின் செடிகொடிகளைக் குறித்துக்கொண்டு போனார்.

ஐரோப்பிய பாணிக் குடியிருப்பு 1845-இல் தொடங்கியது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் அப்போது இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளியில் காலராவும் மலேரியாவும் அவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம். உயிருக்குப் பயந்துதான் மலை ஏறினார்கள். பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையில் வந்தார்கள். அல்லது ஆட்கள் தோளில் சுமந்த டோலியில் வந்தார்கள். மோட்டார் வண்டி ஏறும் மலைப்பாதை 1914 வாக்கில்தான் திறந்தது. அதாவது ஏரிக்குக் கரை கட்டியபோதும், பூங்காவில் முதல் பாத்திகள் வெட்டியபோதும் மேலே வந்த சாமான்களெல்லாம் மனிதத் தோளிலும் மாட்டின் முதுகிலும் வந்தவை. சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பூங்காவின் கதையை யார் சொன்னாலும் அவர்களை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது என்று எண்ணுகிறேன்.

மதுரை மாவட்டக் கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863-இல் அந்தச் சதுப்புப் பள்ளத்தின் வாய்ப்பக்கம் கரை எழுப்பி ஓடைகளைத் தேக்கினார். 1867-இல் ஓய்வு பெற்றதும் கொடைக்கானலிலேயே குடியேறி, 1885-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். ஏரியில் மிதந்த முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பார்கள். கடற்கரையிலிருந்து மலையுச்சிக்கு ஒரு படகைத் தூக்கிவருவதென்றால் அந்த ஆசை எவ்வளவு ஆழமானதாக இருந்திருக்க வேண்டும்! 1890-இல் படகுக் குழாமும் தொடங்கிவிட்டது.

ஏரி நட்சத்திர வடிவில் இருப்பதைப் பலரும் ஒருவர் வரைந்து வெட்டிய வடிவம் என்று நினைக்கிறார்கள். யாரும் வரையவில்லை. கை விரல்களைப் போலப் பல சிறு பள்ளங்கள் வந்து சேரும் இடத்தில் தண்ணீரைத் தேக்கினால், நீர் உயர உயர ஒவ்வொரு விரலுக்குள்ளும் புகும். ஓடை வந்த ஒவ்வொரு வழியும் ஏரியின் ஒரு முனையாகும். 24 ஹெக்டேர் பரப்புள்ள ஏரிக்குச் சுற்றுச்சாலை மட்டும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீள்வதும் அதனால்தான். கரையோரமாக நடக்கும்போது சாலை உள்வாங்கித் திரும்பும் இடங்களைக் கவனியுங்கள். அங்கெல்லாம் பழைய ஓடை ஒன்றின் தடம் இருக்கிறது.

சதுப்பு முழுவதும் நீருக்கடியில் போய்விடவும் இல்லை. ஏரியை ஒட்டிய ஜிம்கானா, கீழ்பூமி போன்ற தாழ்வான இடங்களில் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். ஜனவரியில் செய்தித்தாள்களில் உறைபனிப் படங்கள் வரும்போது இந்தப் பெயர்களே அடிபடும். அதற்கான காரணம் பூங்காவைப் புரிந்துகொள்ளவும் உதவும் என்பதால் பின்னால் அதற்கு வருகிறேன்.

ஒரே அதிகாரியின் இரண்டு நடவுகள்

ஏரியின் கிழக்குக் கரையில், பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது பூங்கா. பரப்பு சுமார் 20 ஏக்கர். மதுரையிலிருந்து வந்த வன அதிகாரி எச். டி. பிரையண்ட் 1908-இல் இதைத் திட்டமிட்டு உருவாக்கினார். உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்கா 1848-இல் பிறந்தது. அதோடு ஒப்பிட்டால் பிரையண்ட் பூங்கா 60 ஆண்டுகள் இளையது. இன்று மாநிலத் தோட்டக்கலைத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. மரங்கள், புதர்கள், கள்ளிகள் என்று 325 வகைகளும், ரோஜாவில் மட்டும் 740 ரகங்களும் இங்கே உள்ளதாகக் கணக்குச் சொல்கிறார்கள். கண்ணாடி மாளிகை ஒன்றும் ஒரு போதி மரமும் உண்டு.

பூங்காவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1906-இல், இதே பிரையண்ட் மலைமேல் பைன் மரங்களை நடத் தொடங்கினார். சினிமாக்காரர்கள் முதல் தேனிலவுக்கு வருகிறவர்கள் வரை இன்று எல்லோரும் தேடிப் போகும் பைன் காட்டின் தொடக்கம் அதுதான். வேலி போட்ட 20 ஏக்கருக்குள் ஒரு நடவு, வேலிக்கு வெளியே இன்னொரு நடவு. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. இவற்றைச் சேர்த்து வைத்து யோசித்தால்தான் இந்த மலைக்கு நேர்ந்தது புரியும்.

பூங்கா தன்னை மறைத்துக்கொள்வதில்லை. பாத்தி, வரப்பு, பெயர்ப்பலகை, கத்தரித்த புல் என எல்லாமே ‘இது மனிதன் வைத்தது’ என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. மே மாத மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள் பார்க்கும் வண்ணங்களுக்குப் பின்னால் பல மாத உழைப்பு இருக்கிறது. எல்லாச் செடிகளையும் ஒரே நாளில் நட்டால் எல்லாம் ஒரே வாரத்தில் பூத்து ஓய்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு செடியும் பூப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நாளைக் கணக்கிட்டு, குளிர்காலத்திலிருந்தே கட்டம் கட்டமாக நாற்றுகளை ஊன்றுகிறார்கள். டேலியா, சால்வியா, பெட்டூனியா, பேன்சி, டெல்பினியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. நடுவில் உறைபனி விழுந்தால் கருகாமல் காக்க வேண்டும்; கோடை மழை முந்திக்கொண்டால் இதழ் அழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் ஒருமுறை போயிருந்தபோது பாதிப் பாத்திகள் வெறும் மண்ணாகவும், மீதியில் விரல் உயரச் செடிகளுமாக இருந்தன. உடன் வந்தவர்களுக்கு ஏமாற்றம். எனக்கோ பூங்காவின் அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. குனிந்து களை பறித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

பைன் காட்டின் கதை வேறு. அதற்கு வேலி இல்லை, பாத்தி இல்லை. ‘காடு’ என்ற பெயரை எடுத்துக்கொண்டு நிற்கிறது. ஒரே வயது மரங்கள் ஒரே இடைவெளியில் நிற்பதைக் கண் அழகு என்று எடுத்துக்கொள்கிறது. கீழே பாருங்கள். பழுப்பு ஊசியிலைகள் கம்பளம்போல் மூடிய தரையில் வேறு செடிகள் மிக அரிது. பூச்சி குறைவு, ஆகவே பறவையும் குறைவு. அங்கே கிடைக்கும் அமைதி மனத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிர்கள் நிறைந்த சோலை ஒன்றில் அப்படியொரு நிசப்தம் கிடைக்காது.

புல்லும் சோலையும் ஏன் பிரிந்து நின்றன

இப்போது உறைபனிக்கு வருகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் காடு மலை முழுவதையும் போர்த்துவதில்லை. மடிப்புகளில் சோலை, மேடுகளில் புல் என்ற அமைப்புதான் இயல்பு. மரம் வளர இடம் இருந்தும் மேடுகளில் ஏன் புல் மட்டும் நின்றது? காடு அழிந்து புல் வந்தது என்று காலனிக் கால அதிகாரிகள் பலர் நினைத்தார்கள். அந்த நினைப்பே ‘வெற்று நிலத்தில்’ மரம் நடும் ஆசைக்கு உரம் போட்டது. ஆனால் இந்தப் புல்வெளிகள் பல்லாயிரம் ஆண்டுகள் பழைமையானவை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

முக்கியமான காரணங்களில் ஒன்று பனி. வெட்டவெளியில் குளிர்கால இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. கீழ்பூமியிலும் ஏரிக்கரையிலும் விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளை படிவது இதனால்தான். சோலை மரங்களின் இளங்கன்று திறந்த வெளியில் இந்த உறைபனியைத் தாங்காது, கருகிவிடும். சோலைக்குள்ளோ தலைக்கு மேல் இலைக்கூரை இருப்பதால் வெப்பம் வெளியே போவதில்லை, கன்று பிழைத்துக்கொள்கிறது. ஆக, தாய் மரத்தின் நிழலுக்குள்தான் சோலை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியும். நெருப்பு, மண்ணின் தன்மை, காற்று ஆகியவையும் சேர்ந்து எல்லைக்கோட்டைக் காத்தன. அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே நிற்கத் துணிந்த மரம் காட்டுப்பூவரசு. குளிர் முடியும் பருவத்தில் புல்வெளி நடுவே தனியாக நின்று செக்கச்செவேலென்று பூக்கும். இமயமலையில் பூக்கும் அதே இனத்தின் தென்னாட்டுக் கிளை இது. எத்தனை ரோஜா ரகங்களைப் பார்த்தாலும் அந்தச் சிவப்புக்கு ஈடில்லை என்பேன்.

இந்த அமைப்பின் அருமை தண்ணீரில் தெரியும். புல்லின் வேர்கள் மண்ணுக்குள் பின்னலாக இறங்கி, மக்கிய கருமண்ணோடு சேர்ந்து மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைக்கின்றன. மழைக்காலம் முடிந்து பல வாரங்களுக்குப் பிறகும் அந்த நீர் கசிந்து சோலையின் ஓடைக்கு வருகிறது. தென்மேற்குப் பருவம் கொஞ்சம், வடகிழக்குப் பருவம் நிறைய என்று இரண்டு மழையையும் வாங்கிக்கொள்ளும் இந்த மலையின் தென்சரிவு நீர் மஞ்சளாறு, வராக நதி வழியாக வைகைக்குப் போகிறது. வடசரிவு நீர் சண்முக நதி வழியாக அமராவதிக்குப் போகிறது. பழனி, பெரியகுளம், மதுரை மக்களின் குடத்துக்குள் இருப்பது இந்தப் புல் பிடித்து வைத்த தண்ணீர்தான். லெவிஞ்ச் தேக்கிய ஏரியும் அதே கசிவை நம்பித்தான் இருக்கிறது. நம் முன்னோர் குறிஞ்சித் திணை என்று மலைக்கே ஒரு பூவின் பெயரை வைத்தார்களே, அந்தப் பூவும் புல்வெளியில் பூப்பது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030.

அந்தப் புல் என்ன ஆனது? தைலமரமும் பைனும் சீகை என்று இங்கே அழைக்கும் வாட்டில் மரமும் விறகுக்காக, தோல் பதனிடும் சாறுக்காக, பின்னர் ஆலைகளுக்கான மரக்கூழுக்காக நடப்பட்டன. விடுதலைக்குப் பிறகு வேகம் இன்னும் கூடியது. இதற்கு வெள்ளைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு, பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு இந்த நாற்பது ஆண்டுகளில் போய்விட்டதாகச் சொல்கிறது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவை மரத் தோட்டங்களும் விவசாயமும். சீகை இதில் தனி வகை. அதன் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்; மரத்தை வெட்டினாலோ தீ வைத்தாலோ கூட்டமாக முளைத்து வரும். யாரும் நடாத இடத்திலும் அது தானே பரவுகிறது.

வருத்தத்தோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வியப்பும் உண்டு. பழைய சீகைத் தோட்டங்களின் நிழலில் சில இடங்களில் சோலை மரங்களின் கன்றுகள் தாமாகவே முளைத்திருக்கின்றன. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பகுதியில் சோலையை மீட்க உழைத்தவர்கள் இதைக் கவனித்துப் பதிவு செய்தார்கள். பனியிலிருந்து கன்றைக் காக்கும் கூரை வேலையை அந்நிய மரம் செய்திருக்கிறது. ஆகவே ‘எல்லா அந்நிய மரத்தையும் வெட்டுங்கள்’ என்பது சரியான வழி ஆகாது. புல்வெளிக்குள் புதிதாக நுழையும் சீகைக் கன்றுகளை உடனே பிடுங்க வேண்டும்; சோலைக் கன்று வந்துவிட்ட பழைய தோப்பை விட்டுவைத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. இடத்துக்கு இடம் மாறும் இந்த நுட்பத்தை மனத்தில் வைத்து அதைச் செயல்படுத்த வேண்டும் என்பது என் வேண்டுதல்.

ஊருக்குள் காட்டுமாடு வருவதும் இதன் தொடர்ச்சியே. புல் தின்னும் பெரிய விலங்குக்கு மேயும் இடம் சீகைத் தோப்பாகிவிட்டால், அது ஏரிக்கரைப் புல்லுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் வருகிறது. படம் எடுக்க நெருங்காதீர்கள். அதன் அமைதி சட்டென்று மாறும்.

ஏரியின் உடல்நிலை

படகுக் குழாமில் நின்று பார்க்கும்போது தெரியாத சில உண்மைகளும் உண்டு. சுற்றிலும் பெருகிய விடுதிகளின் கழிவும் கடைகளின் குப்பையும் ஓடைகள் வழியாக ஏரிக்கே வருகின்றன. சத்து மிகுந்த நீரில் ஆகாயத்தாமரை போன்ற களைகள் செழிக்கும். அதை அள்ளுவதற்கே ஓயாமல் செலவழிக்க வேண்டியிருக்கிறது. மலைமேல் இயங்கி 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து பரவிய பாதரசம் ஏரியின் நீரிலும் மீன்களிலும் இருப்பதை 2006-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. பள்ளத்தில் இருக்கும் ஏரி தன்னைச் சுற்றிய மேடுகள் அனுப்புவதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். முன்பு கசிவு நீரை வாங்கியது, இப்போது இவற்றையும் சேர்த்து வாங்குகிறது.

போகிறவர்களுக்கு

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றே வர வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை உள்ளது. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போய்விடலாம்.

மே மாதக் கண்காட்சியை ஒருமுறையாவது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பூங்காவோடு பழக வேண்டும் என்றால் கூட்டமில்லாத வார நாள் ஒன்றில், காலையில் திறந்தவுடன் போங்கள். பாத்திகளை விட்டுவிட்டு மரங்களிடம் முதலில் செல்லுங்கள். எந்த மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், உலகத்தின் பல திசைகளிலிருந்து இந்த மலைக்கு விதைகள் வந்து சேர்ந்த காலம் கண்முன் விரியும். தைலமரத்தின் உரிந்து தொங்கும் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இனம் இங்கே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்றுவிட்டது. ஊரின் கடைகளில் தைலப் புட்டிகளாக நம் வீட்டு அலமாரிக்கும் வந்துவிட்டது. தனி மரமாக அதை நான் நேசிக்கிறேன். அதன் கூட்டம் புல்வெளியை மூடுவதுதான் என் துயரம்.

பூங்காவின் புதர்களில் பறவைகளையும் கவனியுங்கள். சிரிப்பான் இனத்தைச் சேர்ந்த பறவை ஒன்று பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்மலைகளில் மட்டும் வாழ்கிறது. இந்த மலையில் பறவைகளைச் சேகரித்த ஃபேர்பாங்க் என்ற அமெரிக்க மிஷனரியின் பெயர் அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது. சோலைக்குரிய பறவை என்றாலும் ஊர்த் தோட்டங்களுக்கும் வரும். அதன் குரலைக் கேட்டால் பூங்கா வேலிக்கு அப்பால் இன்னும் சோலை மிச்சம் இருக்கிறது என்று தைரியம் கொள்ளலாம்.

பிறகு, தயவுசெய்து, அன்றோ மறுநாளோ ஒரு சோலையையும் பாருங்கள். வட்டக்கானல் போகும் வழியில் பாம்பார் சோலை இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு பேரிஜம் போகலாம். அதுவும் ஒரு ஏரிதான். பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிறது. படகில்லை, பஜ்ஜிக் கடையில்லை, கரை வரை மரங்கள் இறங்கி நிற்கின்றன. சாலையோரத்தில் நின்று சோலைக்குள் பார்த்தால் முதலில் இருட்டுதான் தெரியும். கண் பழகியதும் பாசி படர்ந்த கோணல் கிளைகள், மரப்பெரணி, கிளையில் ஒட்டிய ஆர்க்கிட், காட்டுச் செண்பகம் என்று ஒவ்வொன்றாக வெளிவரும். எந்த மரமும் இன்னொன்றைப்போல் இராது. செண்பகனூர் என்று கொடைக்கானலுக்குப் பக்கத்திலேயே ஊர்ப் பெயர் இருக்கிறதே, அந்தப் பெயரும் இந்தச் சோலையை நினைவூட்டும். அந்தச் செண்பகனூரில் இயேசு சபையினர் நடத்தும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் ஆர்க்கிட் தோட்டமும் உண்டு. பூங்காவில் ரோஜாவுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அங்கே ஒதுக்கினாலும் போதும்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. பிரையண்ட் பூங்காவின் ஒரு மூலையில், அரை ஏக்கராவது, பழனி மலையின் சொந்தச் செடிகளுக்கென்று பெரிதாக ஒதுக்க வேண்டும். காட்டுப்பூவரசும் குறிஞ்சியும் மலைப்புல்லும், அவற்றைப் பற்றிய தமிழ்ப் பலகைகளும் அங்கே வேண்டும். பேரிஜத்துக்கோ பாம்பார் சோலைக்கோ நடக்க முடியாத முதியவர்களும், பள்ளிச் சுற்றுலாவில் இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் குழந்தைகளும் ஏரிக்கரையிலேயே மலையைப் பார்த்துவிடுவார்கள். 2030-இல் அந்த மூலையில் நீலம் பூத்தால், அதைக் காணப் புல்வெளிகளை மிதித்துத் துவைக்கும் கூட்டமும் கொஞ்சம் குறையும்.

இறங்கும்போது எல்லா வண்டிகளும் வெள்ளி அருவியில் நிற்கும். ஊரிலிருந்து 8 கிலோமீட்டர், 180 அடி உயரம். பலாச்சுளையும் பேரிக்காயும் விற்பவர்களுக்கு நடுவே நின்று எல்லோரும் கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே விழுவது ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர். அக்டோபர், நவம்பரில் பாறையே தெரியாமல் கொட்டும். மழை நின்று மூன்று நான்கு மாதங்கள் கழித்து, மார்ச் மாதத்தில் போகிறவர்கள் பாறையில் எவ்வளவு நீர் இறங்குகிறது என்று பார்த்து வையுங்கள். மேலே மேடுகளில் மிச்சமிருக்கும் புல் விட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் அது.